ஓடாது எரியும் எண்ணெய்
ஊவாப் பெருந்தோட்டப் போக்குவரத்தில் நிற்றற்செலவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களைக் கைக்கொள்வர். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்பனவே அவை. மாட்டுவண்டி போய்ப் புகையிரதம் வந்தது. புகையிரதத்தோடு லொறி வந்தது. பயண நாட்கள் மணித்தியாலங்களாகக் குறைந்தன என்று அவ்வரலாறு செல்லும். ஆனால் வண்டியொன்று தன் வாழ்நாளில் ஓடுவது போலவே நிற்கவும் செய்கிறது. நிற்கும் வேளையிலும் அதற்குச் செலவு உண்டு. இந்த நான்காவது அளவுகோலை 'நிற்றற்செலவு' என்று பெயரிட்டு, அதன் வழியாக ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களின் போக்குவரத்து வரலாற்றை நோக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்செலவு எவ்வளவு என்பது ஒரு வினா. அது யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பது மற்றொரு வினா. முன்னதற்குப் பொறியியலாளர் விடை தந்துள்ளனர். பின்னதற்கு விடை தேடுவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.

நிற்கும் இயந்திரத்தின் பசி

முதலில் அளவை அறிந்துகொள்வோம். மோட்டார் வண்டி நின்ற நிலையிலிருக்க, அதன் இயந்திரம் மாத்திரம் இயங்கிக்கொண்டிருப்பதைச் சாரதிகள் 'ஸ்லோவில் விடுதல்' என்பர். அந்நிலையில் எரியும் எண்ணெய் சில்லுகளைச் சுழற்றுவதில்லை. இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் தம்முள் உராயும் எதிர்ப்பை வெல்லவும், எண்ணெய்ப் பம்பியையும் நீர்ப் பம்பியையும் ஓட்டவும், மின்கலத்துக்கு மின்னூட்டவும் அது செலவாகிறது. குளிரூட்டி பூட்டப்பட்ட காராயின் செலவு மேலும் உயரும். ஐக்கிய அமெரிக்காவின் சக்தித் திணைக்களம் வெளியிட்ட அளவீடுகளின்படி, 2 லீற்றர் கொள்ளளவுடைய பெற்றோல் இயந்திரம் கொண்ட சிறிய கார் நின்ற நிலையில் மணிக்குச் சுமார் 0.6 லீற்றர் பெற்றோலை எரிக்கும். 4.6 லீற்றர் இயந்திரம் கொண்ட பெரிய கார் சுமார் 1.5 லீற்றரை எரிக்கும். நீண்டதூரப் பாரலொறியொன்று மணிக்குச் சுமார் 3 லீற்றர் டீசலை எரித்துவிடும்.

இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குவதே கூடிய செலவு என்ற எண்ணம் நம் மத்தியில் நெடுங்காலமாக நிலவுகிறது. காபரேற்றர் பூட்டிய பழைய வண்டிகளில், அதிலும் அப்புத்தளை போன்ற குளிர்மிகுந்த இடங்களில், அவ்வெண்ணத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. காலையில் இயந்திரம் சூடேறும்வரை காத்திராவிடின் ஏற்றத்தில் அது மூச்சடங்கி நின்றுவிடும். எண்ணெயை அளந்து உட்செலுத்தும் இன்றைய இயந்திரங்களுக்கு அந்நியாயம் பொருந்தாது. பத்து விநாடிக்கு மேல் நிற்க நேரின் நிறுத்திவிடுவதே சிக்கனம் என்பது ஆய்வாளர் துணிபு.

மலைநாட்டுக்கே உரிய மற்றொரு பழக்கத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். பெரகலையிலோ பசறை வீதியிலோ இறக்கத்தில் 'நியூற்றலில்' போட்டு வண்டியை உருளவிடுவதால் எண்ணெய் மிஞ்சும் என்று பலர் நம்புகின்றனர். புதிய இயந்திரங்களில் உண்மை இதற்கு நேர்மாறானது. கியரில் இறங்கும்போது சில்லுகளே இயந்திரத்தைச் சுழற்றுவதால் எண்ணெய் விநியோகம் தானாகவே துண்டிக்கப்படுகிறது. நியூற்றலில் இறங்கும்போதோ இயந்திரம் தன்னைத் தானே உயிரோடு வைத்திருக்க எண்ணெயை எரிக்கவேண்டியிருக்கிறது. இயந்திரத்தை முற்றாக நிறுத்திவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்தானது. தடுப்புக்குக் கிடைக்கும் துணைவிசை அற்றுப்போக, சுக்கானும் இறுகிவிடும்.

மாட்டுவண்டியும் கோப்பியும்

நிற்றற்செலவு மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊவாவின் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளிலேயே துறைமுகத்தை நோக்கிச் சென்றன. மாடு ஓடினாலும் நின்றாலும் அதற்குத் தீனி வேண்டும். மழையில் பாதை கரைந்து வண்டிகள் தேங்கியபோது, வண்டிக்காரனின் கூலியும் மாட்டின் தீனியும் தேங்கியே கரைந்தன. மூட்டையிலிருந்த கோப்பியும் ஈரத்தில் பழுதுற்றது. ஊவாவின் தோட்டத்துரைமார் புகையிரதப் பாதையைத் தம் மாகாணத்துக்கு நீட்டுமாறு நெடுங்காலம் வற்புறுத்தியதன் உட்பொருளை இங்கேயே காணலாம். வேகம் மட்டுமன்று, தேக்கத்தின் செலவிலிருந்து விடுதலையும் அவர்களுக்குத் தேவையாயிருந்தது.

பாதை வந்து சேருமுன்னரே கோப்பி அழிந்தது. 1869 ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இலைநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலை முற்றாகச் சாய்த்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பத்தனைத் தோட்டத்தை வாங்கினார்.

தேயிலை, காத்திருத்தலின் பொருளையே மாற்றிவிட்டது. உலர்ந்த கோப்பி காத்திருக்கும். பறித்த கொழுந்து காத்திராது. கூடையிலும் சாக்கிலும் அழுந்திக் கிடக்கும் கொழுந்து தன்னுள் சூடேறிச் சிவந்து பழுதாகும். ஆகவே மலையுச்சியிலிருந்து 'இஸ்டோரு' வரையிலான சில மைல்களும், பறித்ததற்கும் வாட்டுவதற்கும் இடைப்பட்ட சில மணித்தியாலங்களும் தோட்டத்தின் இலாபத்தையே நிர்ணயிப்பனவாயின. இஸ்டோருக்குள்ளும் எரிபொருள் இன்றியமையாதது. வாட்டலுக்குச் சூடான காற்றும், இறுதியில் உலர்த்தலுக்கு அடுப்பும் வேண்டும். தோட்டங்களின் ஓரங்களில் யூக்கலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்பதற்கு விறகுத் தேவை ஒரு முக்கிய காரணமாகும்.

நின்றும் எரிந்த நீராவி

புகையிரதம் 1867 இல் கண்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்த ஆண்டு 1924. பண்டாரவளையிலிருந்து பதுளைவரை இருபது மைல் அளவேயான பாதைக்கு முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றிவந்து புகையிரத நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்வதும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்ததும், அம்மலைகளின் சரிவை 44 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்துக்குள் அடக்குவதற்காகவே.

இப்பாதையின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. கடலை நோக்கிச் செல்லும் சரக்கு கீழ்நோக்கிச் செல்லும் என்றே நாம் எண்ணுவோம். பதுளையிலிருந்து புறப்படும் தேயிலையோ முதலில் நாலாயிரம் அடி மேலேறிப் பட்டிப்பொலவை அடுத்த 6,226 அடி உயரத்தைக் கடந்த பின்னரே கொழும்பை நோக்கி இறங்கவேண்டும். மேலும், மலைநாட்டுப் பாதை ஒற்றைப் பாதையாகும். எதிர்த்திசையில் வரும் வண்டிக்கு வழிவிட நிலையங்களில் ஒதுங்கி நின்றே ஆகவேண்டும். எனவே காத்திருத்தல் இப்பாதையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

நீராவி எஞ்சினுக்கு அக்காத்திருத்தல் மிகச் செலவானது. குளிர்ந்த கொதிகலனில் தேவையான நீராவியை எழுப்பப் பல மணித்தியாலங்கள் செல்லும். ஆகையால் நெருப்பை அணைத்து மூட்டுவது எளிதன்று. வண்டி நின்றாலும் நெருப்பு நிற்காது. கடல் கடந்து கப்பலில் வந்து, மலையேறி வந்த நிலக்கரி, நிலையத்தில் நின்றபடியே சாம்பலாயிற்று. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்ட உதவியின் கீழ் கனடாவிலிருந்து 1954 முதல் வந்திறங்கிய எஞ்சின்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. டீசலின் மேன்மையாக அதன் இழுவைத் திறனையே பலர் எடுத்துக்கூறுவர். நிற்கும்போது அது நீராவியை விடச் சிறிதளவே உண்ணும் என்பதும், விரும்பினால் முற்றாக நிறுத்திவிடலாம் என்பதும் அதே அளவு முக்கியமான மேன்மைகளாகும்.

இவையெல்லாம் புகையிரதத் திணைக்களத்தின் கணக்கில் ஏறிய செலவுகள். கணக்கில் ஏறாத காத்திருத்தலும் அதே மேடைகளில் நிகழ்ந்தது. தோட்ட மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பர். 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களில் ஏறிய வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வழங்கலாயிற்று. வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. சரக்கின் காத்திருத்தலை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்த நிர்வாகம், மனிதரின் காத்திருத்தலைப் பதிய எந்த ஏட்டையும் வைத்திருக்கவில்லை.

எண்ணெயும் அரசும்

மோட்டார் வண்டி பெருகியபோது நிற்றற்செலவு தனிமனிதரின் பொறுப்பாயிற்று. சாவியைத் திருப்பினால் செலவு நிற்கும். ஆயினும் எண்ணெயின் விலை சாரதியின் கையில் இருக்கவில்லை. 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. 1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. மேல்நாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகள் சுவீகரிக்கப்பட்டதைக் காரணங்காட்டி ஐக்கிய அமெரிக்கா 1963 இல் தன் உதவியை இடைநிறுத்தியது. 1969 இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. எனினும் மசகெண்ணெய் முழுவதும் கடல் கடந்தே வந்தது. 1973 இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அதன் தாக்கம் உணவு இறக்குமதியையும் சுருக்கியது. அடுத்து வந்த மாதங்களில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியதை மலையக வரலாறு மறக்கவில்லை. எண்ணெய்க் கப்பலுக்கும் லயத்து அடுப்புக்கும் இடையேயுள்ள தொடர்பு அன்றே வெளிப்பட்டுவிட்டது.

1980களிலிருந்து முச்சக்கர வண்டி படிப்படியாகப் பரவி, தோட்டப் பாதைகளிலும் ஏறலாயிற்று. பஸ் போகாத கற்பாதையில், பிரசவ வலியெடுத்த பெண்ணையும் காய்ச்சலில் துவண்ட குழந்தையையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது இந்த வண்டியேயாகும். ஆகவே அதன் தாங்கியிலுள்ள ஓரிரு லீற்றர் பெற்றோலைப் போக்குவரத்துச் செலவு என்று மாத்திரம் கொள்ளலாகாது. அது அம்மலையின் சுகாதார வசதியின் ஒரு பகுதியுமாகும்.

2022: வரிசையின் வரலாறு

இவ்வுண்மை 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் முழு வடிவம் பெற்றது. அந்நியச் செலாவணி வற்றியதால் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணஞ்செலுத்த இயலாத நிலை தோன்றிற்று. மார்ச் மாதத்திலேயே நாடெங்கும் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. 121 ரூபாவாயிருந்த டீசல் 460 ரூபாவாயிற்று. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டுடன் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. தொடக்கத்தில் வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி அவ்வொழுங்கு கைவிடப்பட்டது.

இக்கட்டுரையாளன் அக்காலத்தில் பாடசாலை மாணவன். தந்தையார் முச்சக்கர வண்டிச் சாரதி. பதுளையில் வரிசையில் நின்ற இரவுகளில், முன்னுள்ள வண்டி ஐந்தடி நகர்ந்தால் பின்னுள்ளதும் நகரவேண்டும். முதல் நாள் நான் இயந்திரத்தை இயக்கக் கையை நீட்டியபோது, "ஸ்டார்ட் பண்ணாத தம்பி, எறங்கித் தள்ளு" என்றார். அவ்வரிசையில் பலரும் அவ்வாறே தள்ளினர். எண்ணெய்க்காகக் காத்திருப்பதற்கே எண்ணெய் செலவாகும் முரணை அவர்கள் எந்த ஆய்வறிக்கையும் படியாமலே உணர்ந்திருந்தனர். முற்காலத்தில் மாடு சுமந்த நிற்றற்செலவு நிலக்கரிக்கும் பின்னர் பெற்றோலுக்கும் மாறி, அந்த வரிசையில் மனிதரின் தோளுக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 2021 இல் நிர்ணயிக்கப்பட்டபடி, 2022 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிருந்தது. எட்டு மணித்தியால வேலை நாளெனக் கொண்டால் மணிக்கு 125 ரூபா. சிறிய கார் ஒன்று நின்றபடி ஒரு மணித்தியாலத்தில் எரிக்கும் 0.6 லீற்றர் பெற்றோலின் பெறுமதி 2022 ஜூன் விலையில் 282 ரூபா. அதாவது, மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் இரண்டு மணி நேர உழைப்பைவிட, ஓடாது நின்ற ஒரு காரின் ஒரு மணி நேரம் அதிக விலையுடையதாயிருந்தது. நீண்டதூரப் பாரலொறி நின்ற நிலையில் ஒரு மணியில் எரிக்கும் 3 லீற்றர் டீசலின் பெறுமதியோ 1,380 ரூபா. அவளது நாட்சம்பளத்தையே அது விஞ்சிவிடுகிறது. இதைக் கூறுவது காரோட்டியைக் குறைகூறுவதற்கன்று. அவ்வுழைப்பு எவ்வளவு மலிவாக மதிக்கப்பட்டது என்பதைக் காட்டுவதற்கேயாம்.

காலமும் இங்குக் கவனிக்கத்தக்கது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் தேயிலையே ஊவாவுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. எரிபொருள் மிக அரிதாயிருந்த வாரங்கள் அப்பருவத்தின் தொடக்கத்தோடு ஒன்றின. கொழுந்து ஏற்றும் லொறிக்கு டீசல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளையில் இஸ்டோரின் மின்பிறப்பாக்கிக்கும் டீசல் வேண்டும். முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையின் தாக்கமும் சேர்ந்துகொள்ள, 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வண்டியே இல்லாத லயத்துக் குடும்பங்களும் எரிபொருள் நெருக்கடிக்குள் இழுக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலான ஓர் இழப்பு அவ்வாண்டு மே மாதத்தில் நேர்ந்தது. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பகுதியில், பிறந்து இரண்டே நாளான குழந்தையொன்றை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தந்தை பெற்றோல் தேடியலைந்து, பல மணித்தியாலங்கள் தாமதித்ததால் அக்குழந்தை இறந்தது என்ற செய்தியை தியத்தலாவை வைத்தியசாலையின் மருத்துவ அதிகாரியொருவர் பகிரங்கப்படுத்தினார். அத்தந்தைக்குத் தேவைப்பட்டது சில லீற்றர் பெற்றோலே. சிறிய கார் ஒன்று சில மணித்தியாலங்கள் நின்றபடியே எரித்துவிடக்கூடிய அளவு அது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, தொழில்நுட்பம் மாறுந்தோறும் நிற்றற்செலவு குறைந்தே வந்துள்ளது என்பது. மாட்டின் தீனியை நிறுத்த இயலாது. நீராவியின் நெருப்பை எளிதில் அணைக்க இயலாது. இன்றைய மோட்டார் இயந்திரத்தையோ ஒரு விரலால் நிறுத்திவிடலாம். ஆகவே வீணாக இயந்திரத்தை ஓடவிடுவது இன்று நம் தெரிவேயன்றி வேறன்று. பஸ் நிலையத்திலும் பாடசாலை வாயிலிலும் புகைகக்கி நிற்கும் வண்டிகளைக் காணும்போது, இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, நிற்றற்செலவு குறைந்த அளவுக்குக் காத்திருப்போரின் செலவு குறையவில்லை என்பது. எண்ணெய் தட்டுப்படும் ஒவ்வொரு முறையும் அச்செலவு மலையின் மேலே, பாதையின் முடிவிலே இருப்பவரிடமே சென்று தங்குகிறது. நகரத்தவர் காத்திருந்தது வரிசையில். தோட்டத்தவர் காத்திருந்தது வரிசைக்குச் செல்லவும் வழியற்ற இடத்தில். வரிசையில் நின்றவர்களின் படங்களேனும் செய்தித்தாள்களில் எஞ்சியுள்ளன. மற்றவர்களின் காத்திருத்தல் எழுத்தில் ஏறவில்லை.

2022 ஐ நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். பிரசவத்துக்கு நடந்து சென்ற பெண்கள், கொழுந்துச் சாக்கின் அருகில் லொறிக்காகக் காத்திருந்தோர், வண்டியைத் தள்ளிய சாரதிகள் ஆகியோரின் வாய்மொழிகளைத் தோட்டந்தோறும் சென்று பதிவுசெய்வது நமது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். விடுமுறையில் வீடு செல்லும் ஊவா மாணவர் ஒவ்வொருவரும் ஒருவரது அனுபவத்தையேனும் எழுதிக்கொணரின், அடுத்த தலைமுறையின் வரலாற்று மாணவனுக்கு எரிந்த எண்ணெயின் கணக்கோடு காத்திருந்த மனிதரின் கணக்கும் கிடைக்கும்.